ஓக் இலை, சிலுவை, ஒரு பெயர்: மேரி ரூத்வெனின் செப்புத் தகட்டு உருவப்படம்

படத்துக்குக் கீழே இருக்கும் லத்தீன் வரியிலிருந்தே தொடங்கலாம். "மரியா ருட்டென், உக்ஸோர் டி. அன்டோனி வான் டைக் எக்." நைட் பட்டம் பெற்ற ஓவியர் ஆன்டனி வான் டைக்கின் மனைவி மரியா ருட்டென் என்பது இதன் பொருள். பரோக் என்று சொல்லப்படும் பதினேழாம் நூற்றாண்டு ஆடம்பரக் கலைக் காலத்துச் சீமாட்டி ஒருவரின் படத்தில் குறியீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியில் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு மேலே போய்விடுவார்கள். கூந்தலில் ஓக் இலை, கையில் சிலுவை, கழுத்தில் முத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து அர்த்தம் சொல்லத் தொடங்குவார்கள். அந்த மூன்றையும் நானும் பார்க்கப் போகிறேன். ஆனால் இந்தத் தாளில் கனம் கூடிய குறியீடு அடியில் இருக்கும் எழுத்துவரிதான் என்பது என் கருத்து. அதைப் படித்த பிறகுதான் மற்றவை சரியான எடையோடு நிற்கும்.

முதலில் படம். வான் டைக் வரைந்த வண்ண ஓவியத்தைப் பார்த்து, ஸ்கெல்டே ஆ போல்ஸ்வெர்ட் செப்புத் தகட்டில் செதுக்கியது இது. மூல ஓவியம் இப்போது மட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1640-ஐ ஒட்டிய காலத்தது. இடுப்புக்கு மேலான உருவம். மேரி நேராக நம்மைப் பார்க்கிறார். தாழ்ந்த கழுத்துள்ள சாட்டின் உடை, சுருள் சுருளாக விழும் முடி, கழுத்தில் ஒற்றைச் சரம் முத்து. கூந்தலில் ஓக் இலைகள். கையில் மணி கோத்த சரடு, அதாவது செபமாலை, அதில் ஒரு சிலுவை. அவ்வளவுதான். தேவதைகள் இல்லை, பாம்பு இல்லை, மண்டை ஓடு இல்லை, கிரீடம் தாங்கி வரும் குழந்தைகள் இல்லை. பரோக் என்றாலே அலங்காரம் வழிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது கொஞ்சம் வெறுமையாகவே தெரியும்.

இந்த வெறுமை வான் டைக்குக்கு வேறு வழி தெரியாததால் வந்ததில்லை. 1633-ல் இளம் வயதில் இறந்துபோன வெனீஷியா டிக்பியை அவர் வரைந்த ஓவியத்தைப் பார்த்தால் இது புரியும். அங்கே வெனீஷியா விவேகத்தின் உருவமாக அமர்ந்திருக்கிறார். பாம்பு இருக்கிறது, புறாக்கள் இருக்கின்றன. இரண்டு முகம் கொண்ட வஞ்சகம் கட்டுண்டு கிடக்கிறது. காமனை அவர் காலால் அடக்கியிருக்கிறார். மேலே குட்டித் தேவதைகள் மாலை சூட்ட வருகிறார்கள். அவரைப் பற்றி ஊரில் உலவிய அவதூறுகளுக்குக் கணவர் சர் கெனெல்ம் டிக்பி ஓவியம் வழியாகச் சொன்ன பதில் அது. எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பதில் சொல்வது போல ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு குறியீடு வைக்கப்பட்டிருக்கிறது. இப்படி நிறைத்து வரையத் தெரிந்தவர் தன் சொந்த மனைவிக்கு இரண்டே அடையாளங்களோடு நிறுத்தினார் என்றால், அந்த இரண்டும் யோசித்துத் தேர்ந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

தகடு எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது

போல்ஸ்வெர்ட் பிறந்தது வடக்கே பிரீஸ்லாந்தில், போல்ஸ்வார்ட் என்ற ஊரில். பெயரிலேயே ஊர் இருக்கிறது. தொழில் செய்தது ஆண்ட்வெர்ப்பில். அண்ணன் போயெட்டியஸும் செதுக்குக் கலைஞர். இருவருமே அந்த ஊரின் பெரிய ஓவியர் ரூபென்ஸின் ஓவியங்களைத் தகட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். ரூபென்ஸிடம் வேலை பார்த்த செதுக்குநர்களுக்கு ஒரு விஷயம் கைவந்திருந்தது. நிறத்தைக் கோட்டின் தடிமனாக மாற்றுவதுதான் அது. பியூரின் என்கிற கூர்முனைக் கருவியை உள்ளங்கையால் தள்ளிச் செம்பைக் கீறும்போது, அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். ஒரே கோடு மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும்போது துணி பளபளக்கிறது. இரண்டு கோட்டு வரிசைகள் குறுக்கே சந்தித்தால் நிழல் விழுகிறது. கன்னம், கழுத்து போன்ற இடங்களில் கோடுகள் தேய்ந்து சின்னச் சின்னப் புள்ளிகளாகி வெள்ளைத் தாளில் கரைகின்றன.

குறியீட்டைப் பற்றிப் பேசுவதற்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. ஓவியத்தில் மேரியின் உடை நீலம். நீலத்தை மாதாவின் நிறமாகப் பார்த்து, "கத்தோலிக்கப் பக்திக்கு இன்னொரு அடையாளம்" என்று சொல்ல யாருக்கும் கை துறுதுறுக்கும். சொல்லலாம், ஆனால் ஓவியத்தைப் பற்றித்தான் சொல்லலாம். தாளில் நீலம் கிடையாது. ஆண்ட்வெர்ப்பிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இந்த அச்சை வாங்கிப் பார்த்தவருக்கு உடை வெறும் மினுக்கும் சாம்பல்தான். அச்சுப் படத்தை விளக்கும்போது மூல ஓவியத்தின் நிறத்தை உள்ளே கொண்டுவருவது, அந்தக் காலத்துப் பார்வையாளர் பார்க்காத ஒன்றை அவர் கண்ணில் வைப்பதற்குச் சமம். இந்தத் தவறு விளக்கக் குறிப்புகளில் அடிக்கடி வருகிறது. அச்சுப் பிரதி கண்முன் இருக்க, எழுதுகிறவர் மனதில் ஓவியம் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம்.

ஓக் இலைக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. வண்ணத்தில், பழுப்பு முடிக்கு நடுவே, இலை கொஞ்சம் அடங்கிப் போகக்கூடியது. செம்பில் அப்படி விட முடியாது. முடியும் கோடு, இலையும் கோடு. இலையின் விளிம்பில் இருக்கும் வளைவு மடல்களைத் தெளிவாக வெட்டினால்தான் அது ஓக் என்று அடையாளம் தெரியும். இல்லையென்றால் ஏதோ ஒரு தழை. சிலுவைக்கும் இதே நிலைமைதான். ஆக, நிறத்தைச் சார்ந்த அர்த்தங்கள் வழியில் உதிர்ந்துபோக, வடிவத்தைச் சார்ந்த அர்த்தங்கள் தாளில் வந்து சேர்ந்தன. அதோடு, ஓவியத்தில் இல்லாத ஒன்றைத் தகடு கூடுதலாகச் சேர்த்தது. அதான் அந்தப் பெயர்வரி.

பெயர்

ருட்டென் என்று தாளில் வருவது ரூத்வென். ஸ்காட்லாந்தின் பழைய பிரபு குடும்பங்களில் ஒன்று. சிம்மாசனத்தோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த பகை மூன்று தலைமுறைக்கு நீள்கிறது. மேரியின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக், ரூத்வென் பிரபு, 1566-ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் கண்ணெதிரே அவருடைய செயலாளர் ரிட்சியோவைப் பிடித்துக் கொன்றவர்களில் ஒருவர். தாத்தா வில்லியம், கௌரியின் முதலாம் ஏர்ல் (உயர்ந்த பிரபு பட்டம்), 1582-ல் சிறுவனாக இருந்த அரசர் ஆறாம் ஜேம்ஸைப் பிடித்து வைத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1584-ல் ஸ்டர்லிங்கில் அவர் தலை வெட்டப்பட்டது.

அப்புறம் 1600, ஆகஸ்ட் 5. பெர்த் நகரில் இருந்த கௌரி மாளிகைக்கு அரசர் வந்திருந்தபோது, மூன்றாம் ஏர்ல் ஜானும் அவர் தம்பி அலெக்சாண்டரும் அரசரின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். தன்னைக் கொல்லச் சதி நடந்தது என்றார் அரசர். உண்மையில் அங்கே என்ன நடந்தது என்பது அன்றிலிருந்து இன்றுவரை வாதமாகவே இருக்கிறது. அடுத்து வந்த தண்டனையில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் இருவரின் சடலங்களையும் எடின்பரோவுக்குக் கொண்டுவந்து, துரோகக் குற்றம் தீர்ப்பாகி, தூக்கிலிட்டுத் துண்டாடினார்கள். சொத்து பறிபோனது. ரூத்வென் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது என்று ஸ்காட்லாந்து பாராளுமன்றம் சட்டம் போட்டது.

எஞ்சிய இரண்டு தம்பிகள் பையன்கள். இங்கிலாந்துக்கு ஓடினார்கள். 1603-ல் அதே ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசராக வந்துவிட்டார். தம்பிகளில் வில்லியம் தப்பிவிட, பேட்ரிக் பிடிபட்டார். தனக்கென்று ஒரு குற்றமும் நிரூபிக்கப்படாமல் 1622 வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள், லண்டன் கோபுரச் சிறையில் கிடந்தார். அந்த பேட்ரிக்கின் மகள்தான் மேரி.

இந்தக் கதை தெரிந்த பிறகு தாளின் அடிப்பகுதியை மறுபடி பாருங்கள். ஒரு நாட்டில் சட்டம் போட்டு அழித்த பெயர் இன்னொரு நாட்டில் செம்பில் வெட்டப்பட்டு நூற்றுக்கணக்கில் அச்சாகும் பொருளாகிவிட்டது. இதை யாராவது எதிர்ப்பாகத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 1640 வாக்கில் மேரி அரசவையில்தான் இருந்தார். ராணி ஹென்ரியெட்டா மரியாவின் தோழியரில் ஒருவர். ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸின் ஆதரவில்தான் அவர் வாழ்ந்தார். பகை ஆறிவிட்ட காலம். ஆனாலும், தந்தைக்கு நிலம் இல்லை, பட்டம் இல்லை. மகளிடம் மிஞ்சியிருந்த ஒரே பிரபுத்துவச் சொத்து அந்தப் பெயர்தான். கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீதனமும் அதுவே.

வரியின் மறுபாதியில் இருக்கும் "எக்." வான் டைக்கின் பங்கு. ஆண்ட்வெர்ப்பில் துணி வியாபாரி ஒருவரின் மகன் அவர். 1632-ல் சார்லஸ் அவருக்கு நைட் பட்டம் கொடுத்து, அரச தம்பதியின் முதன்மை ஓவியராக ஆக்கினார். லண்டனின் பிளாக்பிரையர்ஸ் பகுதியில் வீடு, ஆண்டுக்கு 200 பவுண்ட் அரச மானியம். 1640 பிப்ரவரியில் மேரியை மணந்தார். மனைவியிடம் பழைய ரத்தம், கணவரிடம் புதிய பட்டம். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்பினார்கள். அந்த ஒற்றை லத்தீன் வரி இந்த ஏற்பாட்டை அப்படியே அறிவிக்கிறது.

ஓக்

சரி, இலைக்கு வருவோம். சேசரே ரிப்பாவின் ஐகனோலோஜியா 1593-ல் ரோமில் வந்தது, 1603-லிருந்து படங்களோடு. ஓவியர்கள் குறியீடு தேட எடுத்துப் புரட்டிய கையேடு அது. அதில் வலிமை என்ற குணம், கவசம் அணிந்த பெண்ணாக, ஓக் கிளையோடு வருகிறது. கேடயத்தில் சிங்கம் காட்டுப்பன்றியோடு மல்லுக்கு நிற்கிறது. ஓக் மரம் காற்றுக்கு அசையாது, அதனால் அது உறுதி. இந்த அர்த்தம் பலரும் ஏற்றுக்கொண்டது. மேரியின் படத்துக்கும் பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். கலங்காத மனம், கணவனிடம் மாறாத பற்று என்று.

இன்னொரு பழைய அர்த்தமும் உண்டு. ரோமானியர்களிடையே, போரில் சக குடிமகன் ஒருவனின் உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஓக் இலை முடி சூட்டுவார்கள். லத்தீன் படித்த எந்த ஐரோப்பியருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் படத்தில் இருப்பது வட்டமாகக் கட்டிய வெற்றி முடியைப் போல விறைப்பாக இல்லை. கூந்தலோடு இழைந்து கிடக்கும் இலைகள். அதனால் இதை நான் பின்னுக்குத் தள்ளுவேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. ஆங்கில வரலாறு கொஞ்சம் தெரிந்தவர் ஓக் என்றதும் அரசர் கட்சி என்பார். பாராளுமன்றப் படையிடம் வுஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் 1651 செப்டம்பரில் போஸ்கோபெல்லில் ஒரு ஓக் மரத்தின் மேலே ஒளிந்து உயிர் தப்பினார். அவர் 1660-ல் திரும்பி வந்த பிறகு மே 29 அன்று ஓக் தழை சூடிக் கொண்டாடுவது வழக்கமானது. மேரி ரூத்வென் இறந்தது 1645. அரசர் மரம் ஏறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னாலேயே அவர் போய்விட்டார். ஆக, படத்தை வரைந்தபோது அந்த அர்த்தம் உலகத்திலேயே இல்லை. அதே சமயம், இந்தத் தகட்டுப் படங்கள் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தவை. 1660-க்குப் பிறகு லண்டனில் ஒருவர் இந்தத் தாளை வாங்கியிருந்தால், அந்த இலையைப் பார்த்ததும் அவருக்கு அரசர் மரம் நினைவுக்கு வருவது இயல்பு. அது அவருடைய வாசிப்பு. ஓவியரின் நோக்கம் என்று அதை எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இலையை வெறும் நாகரிகம் என்று தள்ளிவிடலாமா? ஹென்ரியெட்டா மரியாவின் அவையில் மேய்ப்பர் நாடகங்கள் மேல் பெரிய மோகம் இருந்தது. சீமாட்டிகள் இடைச்சி வேடத்தில் படம் வரைந்துகொண்டார்கள். முடியில் பூ வைப்பது சகஜம். இது வலுவான எதிர்வாதம். எனக்கு அதில் ஒரு இடம் மட்டும் உதைக்கிறது. ரோஜாவும் மல்லிகையும் வைத்த தலைகளுக்கு நடுவே, பூவே இல்லாத, முரட்டு விளிம்புள்ள ஒரு மர இலையை எடுத்து வைப்பது பழக்கத்தில் தானாக வருவதில்லை. அழகுக்காக மட்டும் ஓக்கைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அதனால் உறுதி என்ற பொருளை நான் ஏற்கிறேன். வேரோடு பிடுங்கிப் போட்ட குடும்பத்தில் பிறந்த பெண்ணின் தலையில் வேர் பிடித்த மரத்தின் இலை இருப்பது எனக்கு மனதைத் தொடுகிறது. ஆனால் ரூத்வென்களின் குலச்சின்னத்தில் ஓக் கிடையாது. அதனால் இது என் உணர்வு மட்டுமே, சாட்சியம் ஆகாது.

சிலுவை

இந்தப் படத்தில் இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுவது சிலுவைக்குத்தான்.

லண்டனை எடுத்துக்கொள்வோம். 1571-ல் எலிசபெத் காலத்தில் போட்ட ஒரு சட்டம், ரோமிலிருந்து வரும் புனிதப்படுத்திய சிலுவை, படம், செபமாலை ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவதையும் வாங்கிக்கொள்வதையும் சொத்துப் பறிமுதலும் சிறையும் வரக்கூடிய குற்றமாக ஆக்கியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. ஆனால் ராணி பிரெஞ்சுக் கத்தோலிக்கர். சாமர்செட் மாளிகையில் அவருக்கென்று ஒரு சிற்றாலயம் கட்டி 1636 டிசம்பரில் திறந்தார்கள். கப்புச்சின் என்ற கத்தோலிக்க சபையின் துறவிகள் வெளிப்படையாகப் பூசை நடத்தினார்கள். அரசவைப் பெண்கள் சிலர் மதம் மாறியது ஊரெல்லாம் பேச்சானது. அந்த வட்டத்துக்குள் செபமாலை வைத்திருப்பது ராணிக்கு நெருக்கமானவர் என்பதற்கு அடையாளம். வட்டத்துக்கு வெளியே அதே செபமாலை சந்தேகத்துக்கு அடையாளம். 1640 நவம்பரில், பின்னாளில் அரசரோடு போரிட்ட நீண்ட பாராளுமன்றம் கூடிய பிறகு அந்தச் சந்தேகம் கோபமானது. 1643-ல் சாமர்செட் மாளிகை ஆலயத்துக்குள் புகுந்து, பீடத்தில் இருந்த ரூபென்ஸின் ஓவியத்தைக் கிழித்துத் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார்கள். மேரி அப்போது உயிரோடு இருந்தார்.

ஆக, 1640-ஐ ஒட்டி லண்டனில் ஒரு பெண் கையில் சிலுவை வைத்துப் படத்துக்கு உட்கார்ந்தார் என்றால், அதில் துணிச்சல் இருக்கிறது. பாதுகாப்பு இருந்ததால் வந்த துணிச்சல்தான், ஆனாலும் துணிச்சல்.

இப்போது ஆண்ட்வெர்ப். ஸ்பெயினின் ஆட்சி, கத்தோலிக்க மறுமலர்ச்சியின் கோட்டை. அங்கே கையில் செபமாலை வைத்திருப்பது ஒரு நல்ல குடும்பத்துப் பெண் செய்ய வேண்டிய சாதாரணக் காரியம். அதைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். போல்ஸ்வெர்ட் தகட்டைச் செதுக்கியது அந்த ஊரில். ஆக, ஓவியம் லண்டனில் சொன்னது "நான் இந்தப் பக்கம்" என்று. அதே உருவம் ஆண்ட்வெர்ப்பில் சொன்னது "எங்கள் ஊர்க்காரர் இங்கிலாந்து போனாலும் நம் மதத்தில் ஒரு பெண்ணைக் கட்டினார்" என்று. கோடு மாறவில்லை, பிடித்த கை மாறவில்லை. பார்க்கிற ஊர் மாறியது, அர்த்தமும் மாறிவிட்டது.

குறியீட்டு அகராதிகள் கைவிடும் இடம் இதுதான். சிலுவைக்கு விசுவாசம், ஓக்குக்கு உறுதி, முத்துக்குக் கற்பு என்று பட்டியல் போட்டால் மூன்றும் ஒரே எடையில் நிற்கும். உண்மையில் அப்படி நிற்பதில்லை. முத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வான் டைக் இங்கிலாந்தில் வரைந்த சீமாட்டிகளில் ஏறக்குறைய எல்லோர் கழுத்திலும் முத்து இருக்கிறது, ராணிக்கும் இருக்கிறது. எல்லோரும் அணிவது ஒருவரைப் பற்றித் தனியாக எதையும் சொல்லாது. கற்பின் குறியீடு என்று எழுதினால் தவறில்லை, பயனும் இல்லை. உடையும் அதே மாதிரி. கனமான சரிகைக் காலரையும் விறைப்பையும் எடுத்துவிட்டு, எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற தளர்ந்த சாட்டினைப் போர்த்துவது வான் டைக் எல்லாப் பெண்களுக்கும் செய்தது. 1658-லேயே ஓவியக்கலை பற்றி எழுதிய ஆங்கிலேயர் வில்லியம் சாண்டர்சன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

யாரோடு நிற்கிறார்

மேரியின் இந்தப் படம் வான் டைக்கின் ஐகனோகிராபி என்று பின்னாளில் பெயர் பெற்ற உருவப்பட வரிசையோடு சேர்த்துப் பேசப்படுவது. ஆண்ட்வெர்ப்பில் மார்ட்டின் வான் டென் எண்டென் வெளியிட்ட முதல் 80 படங்களில் 16 பேர் இளவரசர்களும் படைத்தலைவர்களும், 12 பேர் அரசியலாளர்களும் அறிஞர்களும், மிச்சம் 52 பேர் கலைஞர்களும் கலை ஆர்வலர்களும். 1645-ல் கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் அதை நூறாகப் பெருக்கி வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் வான் டைக்கின் சொந்த முகம், பீடத்தின் மேல் வைத்த மார்பளவுச் சிலை போல.

எண்ணிக்கையைக் கவனியுங்கள். பாதிக்கும் மேல் ஓவியர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும். அதே தரத்தில், அதே அளவில், அதே கம்பீரத்தில் இளவரசர்கள். ஓவியம் கைவேலை இல்லை, ஓவியன் அரசனோடு ஒரே அடுக்கில் வைக்கத் தக்கவன் என்று அந்த வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெண்கள் மிகக் குறைவு. பிரான்ஸின் ராஜமாதா மரீ தெ மெடிசி போன்றவர்கள்; தங்கள் சொந்தப் பட்டத்தால் உள்ளே வந்தவர்கள். மேரி ரூத்வென் உள்ளே வருவது "மனைவி" என்ற சொல்லின் வழியாக.

இங்கேதான் முதலில் சொன்ன எழுத்துவரி தன் முழு எடையைக் காட்டுகிறது. ஓவியன் பிரபுக்களுக்குச் சமம் என்பது வரிசையின் வாதம் என்றால், அதற்குக் கையில் இருக்கிற சாட்சி இந்தப் பெண். ஒரு ஏர்லின் பேத்தி ஓவியனை மணந்தார், இதோ பெயர், இதோ முகம். ஓக்கையும் சிலுவையையும் மேரி அணிந்திருக்கிறார். அந்த வரியோ மேரியையே ஒரு அடையாளமாக்கி வான் டைக்குக்கு அணிவிக்கிறது. எனக்கு இது கொஞ்சம் வருத்தம் தரும் விஷயம். தனக்கென்று உறுதியும் விசுவாசமும் சொல்லும் இரண்டு பொருள்களோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை, தாள் வேறொருவரின் உயர்வுக்கு ஆதாரமாக்கிவிடுகிறது. இரண்டும் ஒரே படத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் படம் பாதிதான்.

கல்யாண வாழ்க்கை இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1641 டிசம்பர் 1 அன்று மகள் ஜஸ்டினியானா பிறந்தாள். டிசம்பர் 9 அன்று வான் டைக் பிளாக்பிரையர்ஸ் வீட்டில் இறந்தார். அதே நாளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது, பிளாக்பிரையர்ஸ் புனித ஆன் கோயிலில். அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் பங்குக் கோயிலில். சிலுவையோடு படத்தில் அமர்ந்திருந்த தாயின் குழந்தைக்கு. ஊரறிய இருக்க வேண்டிய பதிவு ஒன்று, நம்பிக்கை இன்னொன்று என்பது அன்றைய லண்டன் கத்தோலிக்கக் குடும்பங்களில் புதிதில்லை. இருந்தாலும், "சிலுவை இருக்கிறது, எனவே வீடு முழுக்கக் கத்தோலிக்கம்" என்று ஒரே மூச்சில் எழுதுவதை இந்தப் பதிவு தடுக்கிறது.

வளர்ந்து கல்யாணமான ஜஸ்டினியானா 1660-ல் ஆண்ட்வெர்ப்புக்குப் போய், கத்தோலிக்க முறைப்படி மறுபடி ஞானஸ்நானம் பெற்றாள். சிலுவைக்கு இது சாதகமான சாட்சியம் என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். நான் எடுக்க மாட்டேன். தாய் இறந்தபோது மகளுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. ஆண்ட்வெர்ப் தந்தையின் ஊர், அங்கே இருந்தது தந்தையின் உறவு. அந்த ஞானஸ்நானம் வான் டைக் குடும்பத்தின் பக்தியைக் காட்டுகிறது. மேரியின் விசுவாசத்துக்கு அவர் சார்பில் பேசுவது அவர் கையில் இருக்கும் அந்தச் சிலுவை மட்டும்தான்.